முன்னூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். யார் வைத்தது என்று தெரியாது. வைத்தவரையே அவள் இரண்டு வருடம் தேடிக்கொண்டிருந்தாள் என்பதிலிருந்து, பெயர் பொருத்தம்தான் என்று மற்றவர்கள் முடிவுக்கு வந்தார்கள்.

பதிப்பகத்தில் சரிபார்ப்பு அவள் வேலை. எழுத்துப் பிழை பார்ப்பதற்கு வேறு இரண்டு பேர் உண்டு. இவள் பார்ப்பது தகவல் பிழை. நாவலில் ஒருவன் ஆறு மணி ரயிலில் ஏறினால், ஆறு மணிக்கு ரயில் உண்டா என்று கேட்பாள். அன்று பௌர்ணமி என்று எழுதினால் நாட்காட்டியை இறக்குவாள். எந்தத் தகவலுக்கும் அச்சில் ஆதாரம் வேண்டும், அந்த ஆதாரத்தை அவள் தன் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டால் ஓரத்தில் பச்சைப் பேனாவால் ஒரு கோடு. பச்சைக் கோடு இல்லாத பக்கத்தை அச்சகத்தில் தொடமாட்டார்கள். வீட்டிலும் அப்படித்தான். கணவர் தனக்குத் தலைவலி என்று சொன்னால், மாத்திரை அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் சொல்வார்.

இவ்வளவுக்கும் அவளுக்குக் கிடைத்த ஒரே மரியாதை ஒரு பக்கம். அந்தப் பதிப்பகத்தில் ஒரு வழக்கம். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் 'சரிபார்த்தவர் குறிப்பு' என்று போட்டு, கீழே இரண்டு வரி, அதற்குக் கீழே அவள் பெயர். பெரும்பாலும் 'தகவல்கள் சரிபார்க்கப்பட்டன' என்பதுதான் அந்த இரண்டு வரி. புத்தகம் வாங்குகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் அந்தப் பக்கத்தைத் திருப்புவதே இல்லை. இருந்தாலும் இருபத்திரண்டு வருடமாக ஒவ்வொரு புத்தகம் வந்ததும் அவள் முதலில் திறப்பது அதைத்தான். பின்பக்கத்திலிருந்து புத்தகத்தைப் பார்க்கிற பிறவி.

அந்தப் பக்கத்துக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது.

ஆபத்தைக் கொண்டுவந்தவர் மாலுமி. விண்வெளி நாவல் எழுதுகிறவர். தோளில் தங்கநிறப் பட்டை தைத்த கருநீலச் சட்டை போட்டுக்கொண்டு வருவார். படகில் ஏறினாலே வாந்தி எடுப்பவர் என்று அவர் மனைவி ஒரு விழாவில் சொல்லிவிட்டார், ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது. அவருடைய விண்கப்பல் தொடர் ஆறு பாகம் வந்து, ஆறும் நன்றாக விற்றன. ஆறும் ஒரே அளவு: கதை முன்னூற்றுப் பதினொரு பக்கம், கடைசியில் சல்லடையின் ஒரு பக்கம், ஆக முன்னூற்றுப் பன்னிரண்டு. ஒரே தாளில் சேர்த்து அச்சடிக்கிற ஒரு ஃபாரத்துக்குப் பதினாறு பக்கம் என்றால், பத்தொன்பதரை ஃபாரம். பிசிறே இல்லை.

ஆறாம் பாகத்தில்தான் வினை பிடித்தது. கப்பல் ஒளியைவிட நாற்பது மடங்கு வேகத்தில் போனது. எப்படிப் போனது என்பதற்கு மாலுமி கொடுத்த விளக்கம் 'விசேஷ எரிபொருள்'. சல்லடை அதைக் கற்பனை என்று விட்டுவிட்டாள். ஆனால் ஊரில் ஒரு கடிதக்காரர் இருந்தார். ஓய்வுபெற்ற கடிகாரம் பழுதுபார்ப்பவர், ஒவ்வொரு புத்தகத்தையும் வரிவரியாகப் படித்துக் கடிதம் போடுகிறவர். அவர் பதினோரு பக்கம் எழுதினார். 'ஒளியின் வேகத்தை நெருங்க நெருங்க எடை ஏறும், கடக்கவே முடியாது என்று என் பேத்தியின் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. சரிபார்த்தவர் தூங்கினாரா?' என்று முடித்திருந்தார். தூங்கினாரா என்பதற்கு அடியில் இரண்டு கோடு.

அதனால் ஏழாம் பாகத்துக்கு மாலுமி ஒரு இயற்பியல் அறிஞரைப் பிடித்தார். கதை முடிந்ததும் ஒன்பது பக்கத்துக்குப் பின்னிணைப்பு, 'ஒளியை முந்துதல்: ஓர் இயற்பியல் நிரூபணம்'. எழுதியவர் கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளர். அவர் வேறு யாருமில்லை, சல்லடையின் சொந்த அக்காவின் கணவர். அத்தான்.

"என்னம்மா, இந்தத் தடவை உனக்கு வேலையே இல்ல" என்றார் பதிப்பாளர், புரூஃபை அவள் மேசையில் போட்டபடி. "டாக்டர் பட்டம் வாங்கினவரே நிரூபிச்சுக் குடுத்துட்டார். கதை முன்னூத்திப் பதினொண்ணு, பின்னிணைப்பு ஒம்பது. மொத்தம் முன்னூத்தி இருபது. சரியா இருபது ஃபாரம்!"

"என் பக்கம்?"

"அதான்..." பதிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடி துடைத்தால் எதிரே இருப்பவருக்கு ஏதோ பறிபோகிறது என்று பொருள். "உன் பக்கத்தைப் போட்டா முன்னூத்தி இருபத்தொண்ணு ஆகுது. ஒரு பக்கத்துக்காகப் புது ஃபாரம் ஓட்ட முடியுமா, நீயே சொல்லு? அவரே பின்னாடி நின்னு சாட்சி சொல்றப்ப, நீ வேற எதுக்கு? நல்லா இருக்குன்னா இனிமே தொடருக்கே அப்படிப் பண்ணிடலாம்."

சல்லடை புரூஃபைத் தன் பக்கம் இழுத்தாள். பச்சைப் பேனாவின் மூடியைத் திறந்தாள்.

பதினேழாம் அத்தியாயத்தில் முதல் சந்தேகம் வந்தது. சரியாக ஒன்பது பக்கம். அதில் விண்கப்பல் தலைவன் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிறான். டம்ளரைப் பார்க்கிறான். ஜன்னலைப் பார்க்கிறான். ஜன்னல் வழியாக நட்சத்திரங்களைப் பார்க்கிறான். பிறகு மறுபடி டம்ளர். ஐந்தாம் பக்கத்தில் கொட்டாவி விடுகிறான், அது மட்டும்தான் சம்பவம். மற்ற அத்தியாயங்களில் பக்கத்துக்கு இரண்டு வெடிப்பு வைக்கிற மனுஷன், இங்கே ஏன் இப்படித் தண்ணி காட்டுகிறார்? ஓரத்தில் 'இதை நீக்கலாமே?' என்று எழுதி அனுப்பினாள்.

அரைமணி நேரத்தில் மாலுமி மூச்சிரைக்கப் படியேறி வந்தார். கீழ்க்கடையில் தையல் இயந்திரம் பழுதுபார்க்கிறவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

"மேடம், அந்த ஒம்பது பக்கத்துல மட்டும் கை வெக்காதீங்க. அதுதான் நாவலோட உயிர்!"

"தண்ணி குடிக்கிறான், அவ்வளவுதானே?"

"அது மௌனத்தின் அழகியல் மேடம்."

"சரி, அழகியல்தான். ரெண்டு பக்கத்துல குடிச்சா ஆகாதா?"

"ஒம்பது வேணும்."

"எட்டு?"

மாலுமியின் நெற்றி வேர்த்தது. "ஒம்பது மேடம். கலையில பேரம் பேசக் கூடாது."

கலைஞன் பேரம் பேசாமல் இருக்கலாம். ஆனால் எந்தக் கலைஞனும் பக்க எண்ணிக்கையை மனப்பாடமாக வைத்திருக்கமாட்டான். சோழியன் குடுமி சும்மா ஆடுமா என்று நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"அவர் எழுதுனதை நீதான் பாக்கறியாமே? சீக்கிரம் பச்சைக் கோடு போட்டுக் குடுடீ. இந்த வருஷம் துறைத் தலைவர் பதவி காலியாகுது. ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை வந்திருக்கணுமாம், அதை ஒரு புத்தகத்துல மேற்கோள் காட்டியிருக்கணுமாம். கட்டுரை வந்தாச்சு. புத்தகம் இதுதான்."

"அப்படியா?" என்றாள் சல்லடை. அவளுடைய 'அப்படியா' நீளமாக இருந்தால் அக்காவுக்குப் பிடிக்காது. இது மிக நீளமாக இருந்தது.

அத்தான் உள்ளே கட்டிலில் போர்வையை விரித்துத் தயாராக இருந்தார். பிறரிடம் இயற்பியல் பேச அவருக்குப் போர்வை வேண்டும்.

"வா மச்சினிச்சி, உக்காரு. இந்தப் போர்வைதான் அண்டம். இந்தச் சீப்புதான் கப்பல். ஒளியைவிட வேகமா எதுவும் நகர முடியாது, ஒத்துக்கறேன். ஆனா கப்பல் எங்க நகருது? பாரு." போர்வையைச் சீப்புக்கு முன்னால் சுருக்கி, பின்னால் இழுத்துவிட்டார். "முன்னாடி இருக்கற இடம் சுருங்குது. பின்னாடி இருக்கற இடம் விரியுது. கப்பல் இருந்த இடத்துலயே இருக்கு. ஆனா போய்ச் சேந்துடுச்சு!"

"எங்க ஆபீஸ்ல எனக்கு முன்னாடி சேந்தவங்கல்லாம் பெரிய ஆளானது இப்படித்தான்."

"கேலி பண்ணாதே. இது கணக்குல சரியா வருது. பெரிய பெரிய ஆளுங்க போட்ட கணக்கு. சமன்பாடு தடை சொல்லல."

"தடை சொல்லலங்கறதும், சரின்னு சொல்றதும் ஒண்ணா அத்தான்?"

"கோட்பாட்டு இயற்பியல்ல ரொம்பப் பக்கம்."

"இடத்தைச் சுருக்க என்ன வேணும்?"

"எதிர்மறை ஆற்றல்."

"அது எங்க கிடைக்கும்?"

"அது பொறியியல் சிக்கல்" என்றார் அத்தான். இயற்பியலில் ஒரு பொருள் உலகத்திலேயே இல்லை என்றால் அதைப் பொறியியல் துறைக்குத் தள்ளிவிடுவது மரபு போலிருக்கிறது.

சல்லடை பின்னிணைப்பை நேற்றே மூன்று முறை படித்திருந்தாள். கணக்கு புரியவில்லைதான். ஆனால் கணக்குப் புரியாதவர்களுக்கும் ஓட்டை தெரியும், சட்டை தைக்கத் தெரியாதவனுக்கும் கிழிசல் தெரிவதுபோல. பின்னிணைப்பின்படியே பார்த்தால், ஒரு சின்னக் கப்பலை அனுப்ப ஒரு கிரகம் அளவுக்கு எதிர்மறை ஆற்றல் வேண்டும். நாவலிலோ அந்த இயந்திரம் சமையலறை அலமாரி அளவுதான், தலைவன் அதன்மேல் தண்ணீர் டம்ளர் வைக்கிறான். கிரகம் எப்படி அலமாரி ஆயிற்று? நடுவில் ஒரே ஒரு 'சுருக்க எண்'. அதன் தலையில் குட்டியாக ஒன்பது. அடிக்குறிப்பு ஒன்பதில்: 'இவ்வெண்ணுக்கான முழு நிரூபணத்தை ஆசிரியரின் அண்மைக் கட்டுரையில் காண்க.'

"அடிக்குறிப்பு ஒம்பதுல சொன்ன கட்டுரையை நான் பாக்கணும் அத்தான்."

அத்தான் போர்வையை மடிக்க ஆரம்பித்தார். அண்டம் நாலாக மடிந்தது. "அதுவா... என்கிட்ட ஒரே பிரதி இருந்துது. ஒரு மாணவன் வாங்கிட்டுப் போனான்."

"எந்த மாணவன்?"

"படிப்பை முடிச்சுட்டுப் போயிட்டான்."

"சரி" என்று எழுந்தவள், வாசலுக்குப் போகும்போது சும்மா கேட்பதுபோல் கேட்டாள். "பதினேழாம் அத்தியாயத்தை எடுத்துடலாம்னு இருக்கேன். ஒண்ணுமே நடக்கல அதுல."

"ஐயையோ, அதை எடுக்காதே! அருமையான அத்தியாயம்."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். அத்தான் வாழ்நாளில் ஒரு நாவல் படித்தவரில்லை. அவர் வீட்டுப் புத்தக அலமாரியில் நாவல் என்றால் அக்காவுக்குக் கல்யாணத்தில் யாரோ பரிசளித்தது ஒன்று, அதுவும் அலமாரியின் ஆடுகிற காலுக்கு அடியில்.

"அதுல அந்தப் பூனை வர்ற இடம் நல்லா இருக்கு, இல்ல அத்தான்?" என்றாள். பதினேழாம் அத்தியாயத்தில் பூனை இல்லை. ஏழு பாகத்திலும் பூனை இல்லை.

"ஆமாமா. பூனை. பிரமாதம்."

"கடைசில அது செத்துடுதா, பொழைச்சுக்குதா? எனக்குச் சரியாப் புரியல."

அத்தான் ஒரு கணம் யோசித்தார். "ரெண்டும்தான்" என்றார் கம்பீரமாக. "இயற்பியல்ல பூனைன்னா அப்படித்தான்."

மறுநாள் மதிய இடைவேளையில் சல்லடை பொது நூலகத்துக்குப் போனாள். அத்தானின் கட்டுரை வந்திருந்த ஆய்விதழ், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவது, ஜன்னலோர அடுக்கில் இருந்தது. வாங்கி வைத்தார்களே தவிர யாரும் தொடவில்லை. பக்கங்கள் வெட்டப்படாமல் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. நூலகரிடம் கேட்டு, ஓர் அளவுகோலை நுழைத்து, பக்கம் பக்கமாக அவளே கிழித்துத் திறந்தாள். இந்த இதழை உலகத்தில் முதன்முதலாகப் படிக்கிற ஆள் தான்தான் என்று அவளுக்குப் பட்டது. ஆசிரியர் குழு உட்பட.

அத்தானின் கட்டுரை கடைசியில் இருந்தது. சுருக்க எண்ணைப் பற்றித்தான். அது எவ்வளவு அழகான எண், அதனால் மனிதகுலத்துக்கு என்னென்ன நன்மை என்று ஆறு பக்கம் எழுதியிருந்தார். நிரூபணத்தை மட்டும் காணோம். கீழே ஒரே ஒரு குறிப்பு இருந்தது.

'முழு நிரூபணத்துக்கு: விண்கப்பல் தொடர், ஏழாம் பாகம், பின்னிணைப்பு, பக்கம் 312.'

சல்லடை அளவுகோலைக் கீழே வைத்தாள்.

நாவல் கட்டுரையைக் கை காட்டுகிறது. கட்டுரை நாவலைக் கை காட்டுகிறது. நிரூபணம் இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ, எதிர்மறை ஆற்றலோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கிறது. வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். இங்கே ஓணானுக்கும் வேலியே சாட்சி.

ஆனால் அதைவிட அவள் கண் குத்திய இடம் வேறு. இதழின் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். வெளிவந்து நாலு மாதம் ஆகியிருந்தது. நாலு மாதத்துக்கு முன்னால் மாலுமி நாவலின் பாதியில்கூட இல்லை. பக்கம் கட்டியது போன செவ்வாய்க்கிழமை. அப்படியிருக்க, பின்னிணைப்பு முன்னூற்றுப் பன்னிரண்டில் ஆரம்பிக்கும் என்று நாலு மாதத்துக்கு முன்னால் அச்சான காகிதத்துக்கு எப்படித் தெரியும்?

ஒளியை முந்திக்கொண்டு ஏதோ ஒன்று உண்மையாகவே போயிருக்கிறது. அந்த அடிக்குறிப்புதான்.

அலுவலகத்துக்குத் திரும்பி வந்து, பக்கம் கட்டுகிற லே-அவுட்காரரின் மேசைக்கு நேராகப் போனாள். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "வா அக்கா, யார் மாட்டுனாங்க?" என்றார்.

"ஏழாம் பாகம் முதல்ல எத்தனை பக்கம் வந்துது?"

"கதை மட்டும் முன்னூத்தி ரெண்டு. சொன்னதும் மாலுமி சார் நாற்காலியிலயே சரிஞ்சுட்டாரு. எழுத்தைப் பெருசாக்குன்னாரு, வரி இடைவெளியைக் கூட்டுன்னாரு. மத்த ஆறு பாகத்தோட ஒத்துப்போகாது சார்னேன். எப்படியாவது கதை முன்னூத்திப் பதினொண்ணுல முடியணும், பின்னிணைப்பு சரியா முன்னூத்திப் பன்னெண்டுல ஆரம்பிக்கணும்னு ஒரே அடம். ரெண்டு நாள் கழிச்சு ஒம்பது பக்கத்துக்கு ஒரு அத்தியாயம் எழுதிக் கொண்டாந்தாரு. அதுல ஒருத்தன் தண்ணி குடிக்கறான் அக்கா. எனக்கே தாகம் எடுத்துடுச்சு."

இப்போது எல்லாம் வரிசையாக வந்து நின்றது. ஆய்விதழின் ஆசிரியர் பக்க எண் இல்லாத மேற்கோளை ஏற்கமாட்டார். அத்தான் மாலுமியிடம் பக்க எண் கேட்டிருக்கிறார். தன் புத்தகங்கள் பக்கம் தவறாது என்ற பெருமையில் மாலுமி முன்னூற்றுப் பன்னிரண்டு என்று சொல்லிவிட்டார். கட்டுரை அச்சானது. பிறகு கதை ஒன்பது பக்கம் குட்டையாகப் போய்விட்டது. அறிவியலைக் காப்பாற்ற ஒரு விண்கப்பல் தலைவன் ஒன்பது பக்கத்துக்குத் தண்ணீர் குடிக்க வேண்டியதாயிற்று.

முன்னூற்றுப் பன்னிரண்டு. ஆறு பாகத்திலும் அது அவளுடைய பக்கம். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இரண்டு பேர் சேர்ந்து அதை வாடகைக்கு விட்டிருக்கிறார்கள்.

சாயங்காலம் கல்லூரிக்குப் போனாள். அத்தான் ஆய்வுக்கூடத்துக்குப் பக்கத்து அறையில், கரும்பலகையில் பாதி அழித்த சமன்பாட்டின் அடியில் உட்கார்ந்திருந்தார். அவள் நூலகத்தில் இரவல் வாங்கி வந்த இதழைத் திறந்து வைத்தாள். பக்கத்தில் புரூஃபை வைத்தாள். இரண்டு அடிக்குறிப்பிலும் ஒவ்வொரு விரலை வைத்தாள்.

அத்தான் முதலில் கதவைச் சாத்தினார். அப்புறம் சாக்பீஸை எடுத்தார். குற்றம் செய்த மற்றவர்கள் தண்ணீர் குடிப்பார்கள். அத்தான் படம் போடுவார்.

"இதைத் தப்புன்னு நினைக்கறே. நினைக்கக் கூடாது." பலகையில் ஒரு வட்டம் போட்டார். "ஒளியை முந்த முடியும்னா, காலத்துல பின்னாடியும் போக முடியும். காரணம் முன்னாடி, விளைவு பின்னாடிங்கற கட்டாயமே கிடையாது. இப்படி ஒரு மூடின வளையம். இதுல எங்கயுமே முரண்பாடு இல்ல. கட்டுரைக்குப் புத்தகம் ஆதாரம், புத்தகத்துக்குக் கட்டுரை ஆதாரம். ஒண்ணை ஒண்ணு மறுக்குதா? இல்லையே. கோட்பாட்டுல இதுக்குப் பேரே இருக்கு, தன்னிசைவு!"

"அப்போ நிரூபணம்?"

"வளையத்துக்குள்ள எங்கயாவது இருக்கணும்."

"எங்க?"

"அது..." என்று அத்தான் வட்டத்தைச் சுற்றி இன்னொரு தடவை சாக்பீஸை ஓட்டினார். வட்டம் தடித்ததே தவிர ஒன்றும் அகப்படவில்லை.

"விளைவு முன்னாடியே வந்துடலாம்னா, துறைத் தலைவர் பதவியும் உங்களுக்கு முன்னாடியே வந்தாச்சுன்னு வெச்சுக்கோங்களேன் அத்தான். போய் அந்த நாற்காலில உக்காருங்க. என் பச்சைக் கோடு அடுத்த வருஷம் மெதுவா வரட்டும்."

அத்தான் சாக்பீஸை வைத்தார். குரல் இறங்கியது. "பதினெட்டு வருஷமா ஒரே பாடத்தை ஒரே பெஞ்சுக்கு நடத்தறேன். என்கிட்டப் படிச்சவன் இன்னிக்கு எனக்கு மேல உக்காந்திருக்கான். இவ்வளவும் பண்ணது எனக்காக மட்டுமா? உங்க அக்காவைக் கேளு."

அது பொய்யில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதனாலேயே இன்னும் சந்தேகமாக இருந்தது. மனிதர்கள் உண்மையைச் சொல்வது பெரும்பாலும் வேறு ஒன்றை மூடுவதற்காகத்தான் என்பது சல்லடையின் அனுபவம்.

"நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லப் போறதில்ல அத்தான்" என்றாள். "என் வேலையை மட்டும் பாக்கறேன்."

அத்தானுக்கு நிம்மதி. அவளுடைய வேலை என்ன என்பதை அந்த நிமிஷத்தில் அவர் மறந்துவிட்டார்.

மறுநாள் பதிப்பாளர் அறைக்குள் போய், கதவோரமாகவே நின்று, முதலில் உண்மையைச் சொல்லிப் பார்த்தாள். "பின்னிணைப்புல நிரூபணம் இல்ல சார்."

"யாருக்கும்மா புரியப் போகுது? சமன்பாடு இருக்குல்ல? நெறைய இருக்குல்ல? அது போதும்."

"கடிதக்காரர்?"

"அவர் எழுதினா டாக்டர் பதில் சொல்லட்டும். உன்னை யார் கேக்கப் போறா, உன் பக்கமே இல்லையே."

சரி, உண்மை இந்த அறையில் எடுபடாது என்று தெரிந்தது. புரூஃபைப் புரட்டிப் பதினேழாம் அத்தியாயத்தை அவர் முன்னால் வைத்தாள்.

"இதைப் படிச்சீங்களா?"

பதிப்பாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தைப் படித்தார். மூன்றாவது பக்கத்தைப் பார்த்தார். ஏழாவதுக்குத் தாவினார். "என்னம்மா இவன் இன்னும் அந்த டம்ளரை வெக்கலையா?"

"ஒம்பது பக்கமும் இதேதான். எடுத்துட்டா முன்னூத்திப் பதினொண்ணுல பின்னிணைப்போட எல்லாம் முடிஞ்சிடும். வழக்கம்போல என் ஒரு பக்கம். மொத்தம் முன்னூத்திப் பன்னெண்டு. பத்தொம்பதரை ஃபாரம் சார்." கொஞ்சம் நிறுத்தினாள். "பிரதிக்கு அரை ஃபாரம் காகிதம் மிச்சம்."

கோட்பாட்டு இயற்பியலால் ஒரு கிரகத்தை அலமாரிக்குள் சுருக்க முடியவில்லை. 'அரை ஃபாரம் மிச்சம்' என்ற மூன்று சொல் ஒன்பது பக்கத்தைக் கண் சிமிட்டும் நேரத்தில் சுருக்கிவிட்டது. பதிப்பாளர் கையெழுத்துப் போட்டார். கண்ணாடியைத் துடைக்கவே இல்லை.

அன்றைக்குச் சாயங்காலமே லே-அவுட்காரர் அந்த அத்தியாயத்தை எடுத்தார். "தண்ணி வத்திடுச்சு அக்கா" என்றார். மாலுமி வந்து ஒரு மணி நேரம் மௌனத்தின் அழகியலைப் பற்றி மௌனமாக இல்லாமல் பேசினார். பதிப்பாளர் காகித விலையைப் பற்றிப் பேசினார். காகிதம் ஜெயித்தது. புத்தகம் மறுநாள் அச்சுக்குப் போயிற்று.

விஷயம் அத்தானுக்குத் தெரிய நாலு நாள் ஆயிற்று. தொலைபேசியில் கூப்பிட்டார்.

"என்னம்மா பண்ணிட்டே? பின்னிணைப்பை எதுக்கு நகர்த்தினே? கட்டுரையில முன்னூத்திப் பன்னெண்டுன்னு அச்சாயிடுச்சே!"

"நான் எங்க அத்தான் நகர்த்தினேன்? அது இருந்த இடத்துலயே இருக்கு. முன்னாடி இருந்த இடம்தான் சுருங்கிடுச்சு."

மறுமுனையில் அத்தான் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"அப்போ முன்னூத்திப் பன்னெண்டுல இப்ப என்ன இருக்கு?"

"புத்தகம் வந்ததும் பாருங்க."

வந்தது. சல்லடை வழக்கம்போல் பின்பக்கத்திலிருந்து திறந்தாள். இருபத்திரண்டு வருடத்தில் முதன்முறையாக அங்கே இரண்டு வரிக்கு மேல் இருந்தது.

'சரிபார்த்தவர் குறிப்பு: ஒளியை முந்தலாம் என்பதற்கு ஆதாரமாக, 303ஆம் பக்கத்தில் தொடங்கும் பின்னிணைப்பு ஒரு கட்டுரையைக் காட்டுகிறது. அந்தக் கட்டுரையைப் பார்த்தேன். அது தனக்கு ஆதாரமாக இந்தப் பக்கத்தைக் காட்டுகிறது. இந்தப் பக்கத்தையும் பார்த்தேன். இங்கே நான்தான் இருக்கிறேன். மற்ற தகவல்கள் சரிபார்க்கப்பட்டன.'

கீழே அவள் பெயர்.

அத்தானுக்குத் துறைத் தலைவர் பதவி கிடைத்தது. தேர்வுக் குழுவில் மூன்று பேர். முதலாமவர் கட்டுரை அச்சாகியிருக்கிறதா என்று பார்த்தார். இரண்டாமவர் புத்தகத்தில் அடிக்குறிப்பு ஒன்பது இருக்கிறதா என்று பார்த்தார். மூன்றாமவர், மிகவும் கறாரானவர் என்று பெயரெடுத்தவர், புத்தகத்தில் முன்னூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் என்று ஒன்று உண்டா என்று எண்ணியே பார்த்துவிட்டார். இருந்தது. அந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது யார் பொறுப்பும் இல்லை.

"அவர் இப்ப எல்லார்கிட்டயும், ஆதாரத்தை எங்க மச்சினிச்சியே சரிபார்த்துக் குடுத்துட்டான்னு சொல்றார்டீ" என்றாள் அக்கா. குரலில் நன்றி இருந்ததா, ஊசி இருந்ததா என்று சல்லடையால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒருவேளை ரெண்டும்தான், அந்தப் பூனை மாதிரி.

ஒரு மாதம் கழித்துக் கடிதக்காரரிடமிருந்து தபால் வந்தது. பதினோரு பக்கத்தை எதிர்பார்த்துக் காகிதவெட்டியோடு உட்கார்ந்தவளுக்கு, ஒற்றை அட்டை. பின்னால் ஒரே வரி.

'312ஆம் பக்கம் தவிர மற்றவை கற்பனை.'

லே-அவுட்காரர் எட்டிப் பார்த்துக் கைதட்டினார். "அக்கா! அந்த மனுஷன் பாராட்டியிருக்காரு!"

சல்லடை அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கையெழுத்து அவருடையதுதான். முத்திரையும் சரி. அப்புறம் ஏன் ஒரே வரி? பதினோரு பக்கம் எழுதுகிற மனுஷனுக்கு இதில் என்ன உள்நோக்கம்? அளவுகோலை வரிக்கு அடியில் வைத்து இன்னொரு தடவை படித்தாள். பிறகு பச்சைப் பேனாவைத் திறந்து, அட்டையின் ஓரத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டாள்.